தடித்த நூல், பெரிய ஊசி

ஜனவரி 5

அண்ணிக்கு,

இது நானாக எழுதும் கடிதம் இல்லை. உங்கள் மகள் எழுதவைக்கும் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நாத்தனார் தானாகத் தேடி வந்தாள் என்று பேச்சு வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பொடிசு போன் செய்தாள். மார்ச் பதினான்காம் தேதி கல்யாணம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் என்றாள். அத்தை என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "வாங்கினது எதுவும் வேணாம் அத்தை. நீங்களும் அம்மாவும் சேர்ந்து ஏதாவது பின்னிக் குடுங்க. லேஸ் பின்னல். ஒரே பொருளா இருக்கணும், ரெண்டு பேர் கையும் பட்டிருக்கணும். இல்லைன்னா ஒண்ணுமே வேணாம்" என்றாள். நாம் மூன்று வருடமாகப் பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்கிறாள். அப்பன் மாதிரியே அழுத்தக்காரி. கல்யாணத்துக்கு வருவீங்கதானே என்று வேறு கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நமக்குள் சண்டை வரும். அதனால் காகிதம். என்ன பின்னுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், மாதிரி எல்லாம் உங்கள் தலைக்குள்தானே இருக்கிறது. எனக்கு இரண்டே நிபந்தனை. சீக்கிரம் முடிய வேண்டும், சுலபமாக இருக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் அவரவர் வேலையைப் பார்க்கலாம். சலவைக் கடையில் இது குளிர்காலக் கூட்டம். ஊரில் உள்ள கோட்டெல்லாம் என் தலைமேல்தான்.

அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. என் குடை அங்கே இருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 11

நாத்தனார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகள் தங்களைத் தொந்தரவு செய்ததற்கு வருந்துகிறேன்.

முக்கோணச் சால்வை அழகுதான், ஆனால் வரிசைக்கு வரிசை நீண்டுகொண்டே போகும். கடைசி வரிசைகளில் தங்களுக்குப் பொறுமை இருக்காது. வட்ட மேசை விரிப்பு வேண்டாம். சிறியதாக ஒரு புத்தக அடையாளம் பின்னலாம் என்றால், இரண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தக அடையாளம் கொடுத்தார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் சிரிப்பார்கள்.

லேஸ் ஒன்றும் மாயவித்தை இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஊசிமேல் நூலை ஒரு சுற்றுப் போட்டால் ஓட்டை. பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் கணக்குச் சரி. சேர்க்க மறந்தால் துணி அகலமாகிக்கொண்டே போகும். முன்பு தாங்கள் தொடங்கிய கைத்துண்டு ஜன்னல் திரையாக முடிந்தது நினைவிருக்கலாம்.

தங்கள் யோசனையையும் எழுதவும். குடை நீளமாக இருப்பதால் தபாலில் அனுப்பச் சிரமம். கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 16

அண்ணிக்கு,

'தாங்கள்', 'தங்கள்', 'அவர்கள்'! நான் என்ன உங்கள் மருந்துக் கடைக்குச் சோதனைக்கு வந்த அதிகாரியா? என் தலையில் பேன் பார்த்த கை உங்களுடையது. கோபமென்றால் 'நீ' போட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த மரியாதை வேண்டாம், கடிதத்தைக் கையில் வைத்திருக்கவே குளிருகிறது.

ஜன்னல் திரைக்கு என்ன குறை? அண்ணன் அதை ஏழு வருடம் சமையலறையில் மாட்டி வைத்திருந்தார்.

என் யோசனை கையுறை. விரல் இல்லாத சின்னக் கையுறை, மணிக்கட்டில் மட்டும் லேஸ். ஆளுக்கு ஒன்று. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் தளர்வாகப் பின்னுகிறவள், நீங்கள் ஊசி நுழையாத அளவுக்கு இறுக்குகிறவர். பொடிசுக்கு ஒரு கை பூதத்தின் கை, ஒரு கை எலியின் கை ஆகிவிடும்.

நேற்றுக் கடையில் ஒரு கம்பளித் தொப்பி சலவைக்கு வந்தது. அதன் ஈர வாசனை பட்டதும் நம் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது. அண்ணன் கடைசிப் பேருந்தை ஓட்டி முடித்து வரும்வரை அடுப்புப் பக்கம் நாற்காலியைப் போட்டு இருவரும் பின்னிக்கொண்டிருப்போம். வந்ததும் வராததுமாக, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "யாரு இன்னைக்கு முன்னால போறது? ஆமையா, குடுக்கையா?" என்பார். நான் அவசரக்குடுக்கை, நீங்கள் ஆமை. நான் அரை முழம் முன்னால் இருப்பேன். பிறகு எங்கோ கண்ணி விட்டிருப்பது தெரிந்து எல்லாவற்றையும் பிரிப்பேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமலே, "பதறாத காரியம் சிதறாது" என்பீர்கள். அப்போது எனக்கு உங்களை ஊசியால் குத்தலாம் போலிருக்கும்.

சரி, கதை போதும். எதையாவது முடிவு செய்யுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 22

நாத்தனாருக்கு,

சரி, நீ.

கையுறை வேண்டாம், நீயே காரணம் சொல்லிவிட்டாய். தோளில் போடும் நீளமான துண்டு ஒன்று பின்னலாம். ஒரு முனையிலிருந்து நீ தொடங்கு, மறு முனையிலிருந்து நான். இரண்டு பாதியும் நடுவில் சந்திக்கும். கடைசி வரிசையின் கண்ணிகளை மூடாமல் ஒரு நூலில் கோத்து வைத்துக்கொண்டால், ஊசி நூலால் கண்ணிக்குக் கண்ணி இணைத்துவிடலாம், தையல் தெரியாது. மாதிரி, அலை. நான்கு வரிசைக்கு ஒன்றில்தான் ஓட்டை வரும், மற்ற மூன்றையும் வம்பளந்துகொண்டே பின்னலாம். அதனால்தான் உனக்கு இது பொருந்தும். கட்டம் போட்டு இதன் பின்பக்கம் வரைந்திருக்கிறேன்.

சிக்கல் நூலில்தான். மெல்லிய லேஸ் நூல் எடுத்தால் அழகு, ஆனால் ஆறு மாதம் ஆகும். சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் தடித்த நூலும் பெரிய ஊசியும்தான் வழி. கடை கடையாக ஏறி இறங்கினேன். தடித்த நூலில் ஒரே நிறம் இரண்டு பேருக்குப் போதுமான அளவு எங்கும் இல்லை.

என்னிடம் நூல் இருக்கிறது. போதுமான அளவு, ஒரே நிறம், சாம்பல் கலந்த நீலம். அது எது என்று உனக்கே தெரியும். மூன்று நாளாக இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிடிக்கவில்லையென்றால் சொல், வேறு வழி பார்க்கலாம்.

அண்ணி


ஜனவரி 27

அண்ணி,

உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த ஸ்வெட்டரை ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னினேன். விடியற்காலை முதல் பேருந்தை எடுக்கும்போது அண்ணனுக்குக் குளிருமே என்று. நான் பிரிக்காமல் ஒழுங்காக முடித்த ஒரே பொருள் அது. அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் வந்து பார்க்கிறேன், நீங்கள் ஜன்னலோரம் அமர்ந்து அதைச் சரசரவென்று உருவிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்புப் பகுதி முழுக்க உருண்டையாகி நாற்காலியில் கிடக்கிறது. ஸ்வெட்டரின் கை ஒன்று மட்டும் உங்கள் மடியில். "என் அண்ணனையே பிரிச்சுட்டீங்களே!" என்று கத்தினேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக ஸ்வெட்டர், ஸ்வெட்டர் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது பாதிதான் நிஜம். அவருக்கு உடம்பு அவ்வளவு மோசம் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு வாரமும் போன் செய்தேன். "ஒண்ணுமில்லடி, சளி" என்பார். நீங்கள் போனை வாங்கி, "ஆமாம், சளிதான்" என்பீர்கள். நான் நம்பினேன். ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்தபோது முகத்தைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. நானும் அவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அண்ணி. ஒரு தடவை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு உரிமை இல்லையா?

நூலைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.


பிப்ரவரி 6

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய், வீட்டுக்கு எடுத்துவந்து, மறுபடி கடைக்கு எடுத்துப்போனேன். நீ கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். அன்றைக்கு நீ கேட்கவில்லை, கத்தினாய். கத்தலுக்குப் பதில் சொல்ல எனக்கு வராது.

அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் உன் அண்ணன் பாதி ஆளாகிவிட்டார். ஸ்வெட்டர் அவர்மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. ஒருநாள் கண்ணாடி முன் நின்று கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, "இதுக்குள்ள இன்னொரு ஆளைக் குடி வைக்கலாம் போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதைப் பிரிச்சு எனக்கு அளவா பின்னிக் குடு. குடுக்கைக்குச் சொல்லாதே. எப்பவாவது கேட்டா, அவ பின்னினது பெரிசாப் போச்சுன்னு சொல்லிடு. நான் சின்னதாயிட்டேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

நான் ஆமைதானே. முதுகுப் பக்கத்தைப் பிரித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். கேட்டவர் இல்லை, கேட்ட வேலை மட்டும் என் மடியில் பாதியில் கிடந்தது. அதை மடித்து வைக்கவும் முடியவில்லை, உடுத்தவும் முடியாது. பிரித்து முடித்தேன். கைக்கு வேறு வேலை தெரியவில்லை. நீ வந்தது கடைசிக் கையைப் பிரிக்கும்போது.

எந்த மருந்து, எந்த வேளை, எவ்வளவு என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்கிறவள் நான். இதை உனக்கு எப்போது சொல்வது என்று தெரியவில்லை. அவர் பேச்சை மீறிச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நூலை வளையம் வளையமாகச் சுற்றிக் கட்டி, அலசி, கனம் தொங்கவிட்டுக் காயப்போட்டேன். பிரித்த நூலுக்கே உரிய சுருள் போய்விட்டது. சரி பாதியைத் தனியாகப் பொட்டலத்தில் அனுப்புகிறேன். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு, கோபித்துக்கொள்ளமாட்டேன்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணி,

பொட்டலம் வந்தது. கடையில் மதியம் பிரித்தேன். கல்லாவில் இருக்கும் அக்கா, "என்னாச்சு, ஏன் அழறே? நீராவி பட்டுடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் எவ்வளவு அலசினாலும் சுருள் முழுக்கப் போகவில்லை. தொட்டால் தெரிகிறது. அது என் பின்னலின் சுருள், என் கைக்குத் தெரியாதா?

முதல் வரிசைக்குக் கண்ணி போட்டுவிட்டேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், சந்தேகம் வேண்டாம். போட்டுவிட்டேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 18

குடுக்கைக்கு,

நானும் போட்டுவிட்டேன். சுற்றுப் போட்டதும் பக்கத்திலேயே சேர்க்க மறக்காதே. இந்த வீட்டில் இனிமேல் ஜன்னலுக்குத் திரை தேவையில்லை.

பழைய நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஓட்டை வரும் வரிசையில் வாய் மூடிக்கொள்கிறது, மற்ற மூன்று வரிசையிலும் யாரிடமாவது பேசத் தோன்றுகிறது. வாசலில் பேருந்து நின்றால் இன்னும் தலை நிமிர்கிறது.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணி,

முடித்துவிட்டேன்! ஒரே ஒரு தடவைதான் பிரித்தேன், அதுவும் கொஞ்சம். கண்ணிகளை நீங்கள் சொன்னபடி வெள்ளை நூலில் கோத்து இத்துடன் அனுப்புகிறேன். இணைக்கும் வேலை உங்களுடையது. அதற்குப் பொறுமை வேண்டும், அது இந்தக் கடையில் கிடைக்காது.

குடுக்கை என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வருடமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

குடுக்கை


மார்ச் 2

குடுக்கை,

உன் பாதியையும் என் பாதியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

உன் பாதி இடுப்பு வார் மாதிரி இறுகிக் குட்டையாக இருக்கிறது. என் பாதி கொசுவலை மாதிரி தொளதொளவென்று ஒரு சாண் கூடுதலாக நீள்கிறது. முதலில் மாற்றி வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. நீ எனக்காக இறுக்கியிருக்கிறாய், இல்லையா? நான் உனக்காகத் தளர்த்தினேன். உன் கைக்கு ஒத்துப்போகட்டும் என்று ஒரு அளவு பெரிய ஊசி எடுத்து, ஒவ்வொரு கண்ணியையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தளர்வாக விட்டேன். தூக்கம் வராத அளவுக்கு அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாம் அவரவர் இயல்புப்படி பின்னியிருந்தால்கூட இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது.

தனியாக உட்கார்ந்து வெகு நேரம் சிரித்தேன். உன் அண்ணன் இருந்திருந்தால் தெருவுக்கே கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

மறுபடி பின்ன நாள் இல்லை. ஒரு வழிதான் உண்டு. லேஸ் எதுவுமே நனைத்துக் குத்தும்வரை கசங்கிய கந்தல்தான். உன்னுடையதை இழுத்தும் என்னுடையதைச் சுருக்கியும் தரையில் போர்வைமேல் விரித்து, குண்டூசி குத்திக் காயவிட்டால் ஒருவாறு சமமாகும். அதற்கு ஒரு ஆள் இழுக்க வேண்டும், ஒரு ஆள் குத்த வேண்டும். எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது.

அண்ணி


மார்ச் 5

அண்ணி,

ஒரு அளவு சின்ன ஊசி. ஆமாம். இறுக்கி இறுக்கி ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது, கோட்டுக்குப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. வாழ்நாள் முழுக்க இந்த இறுக்கத்தில் எப்படித்தான் குடித்தனம் செய்தீர்களோ! என் அண்ணன் பொறுமைசாலிதான்.

கடையில் இரண்டு வார விடுப்புக் கேட்டேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். "அண்ணன் பொண்ணு கல்யாணம்" என்றேன். "அதுக்கு ரெண்டு வாரமா?" என்றார். "நனைச்சுக் குத்தணும்" என்றேன். என்ன புரிந்ததோ, சரி என்றுவிட்டார்.

எட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவள் சொன்னவள்தான். அதனால் சமையலறைப் பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள், அந்த வழியாக வருகிறேன். மழை பெய்தால் நனைந்துகொண்டுதான் வருவேன். குடை உங்களிடம் இருக்கிறது.

அவர் எந்த நாற்காலியில் உட்காருவார், எந்த மாத்திரையைத் துப்புவார், என்ன பேசினார், எல்லாவற்றையும் எனக்குச் சொல்ல வேண்டும். ஊசி குத்திக்கொண்டே சொல்லுங்கள். நான் கத்தமாட்டேன்.

குடுக்கை


மார்ச் 24

குடுக்கை,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போன பிறகு வீடு சப்பென்று இருக்கிறது. தரையில் இன்னும் குண்டூசி கிடைக்கிறது. நேற்று ஒன்றைக் காலால் கண்டுபிடித்தேன்.

நீ ரயிலுக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் பொடிசும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் துண்டைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. எது யார் பின்னியது என்று மாப்பிள்ளை கேட்டார். நனைத்துக் குத்தி நீளம் சமமாகிவிட்டாலும், உற்றுப் பார்த்தால் ஒரு பாதி நெருக்கம், ஒரு பாதி தளர்வு. பொடிசு உடனே, எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி, நெருக்கமான பாதியைத் தடவி, "இது அம்மா" என்றாள். தளர்வான பாதியைத் தடவி, "இது அத்தை. அவங்க கை எப்பவும் இப்படித்தான்" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் சொல்லிவிடாதே.

கொஞ்சம் நூல் மிச்சம் இருக்கிறது, ஒரு சின்ன உருண்டை. எடுத்து வைத்திருக்கிறேன்.

சமையலறைக் கதவு வழியாக வந்தவள் முன்வாசல் வழியாகப் போனாய், நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன். குடையைத்தான் மறுபடியும் விட்டுவிட்டாய். தபால் நிலையத்தில் விசாரித்தேன், நீளமான பொட்டலமும் வாங்குகிறார்களாம். அனுப்பட்டுமா?

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

அனுப்பாதீர்கள். கதவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

அடுத்து என்ன பின்னுவது என்று நீங்களே பார்த்து வையுங்கள். நூல் மட்டும் நான் சொல்கிறேன். மெல்லியதாக வாங்குங்கள்.

குடுக்கை